வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு இங்கிலாந்து மன்னிப்புக் கேட்டுவிட்டதா என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். இல்லை என்பதுதான் பதில். 2013ல் அமிர்தசரஸ் வந்த பிரதமர் டேவிட் கேமரூன், அது வெட்கக்கேடான நிகழ்ச்சி என்றார். நூற்றாண்டுக்கு மூன்று நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10 அன்று, தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். "வருத்தமா இருக்கு" என்று துக்க வீட்டுக்குப் போகிற யாரும் சொல்லலாம். "எங்க தப்புதான், மன்னிச்சிருங்க" என்பதைத் தப்பு செய்த தரப்புதான் சொல்ல முடியும். சொல்லிவிட்டால் அடுத்து நஷ்டஈடு கேட்பார்களே என்ற பயம் அரசாங்கங்களுக்கு. கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சியில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் லண்டனில் வழக்குப் போட்ட பிறகுதான், 2013ல், 5,228 பேருக்கு மொத்தம் 1.99 கோடி பவுண்டு தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அப்போதும் தெரிவித்தது வருத்தம்தான்!

மனமிருந்தால் கேட்க முடியும். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததற்காக 2008ல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். 1914ல் கோமகட்ட மாரு கப்பலில் வந்த இந்தியர்களைத் திருப்பி அனுப்பியதற்காக 2016ல் கனடா கேட்டது.

அமிர்தசரஸ் இங்கிருந்து வெகுதூரம். பெருங்காமநல்லூர் அப்படியில்லை. மகாராஜபுரத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் போய், டி.கல்லுப்பட்டி தாண்டினால் பேரையூர்ப் பக்கம் இருக்கிறது. 1871ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர்ச்சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவன் திருடன், எனவே கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணில் படுகிற இடத்தில் படுக்க வேண்டும். பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். அமிர்தசரஸ் நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். கோட்டில் ரோஜா குத்திக்கொள்வார் என்பதால் அவர்களுக்கு அவர் ரோசாப்பூ துரை. பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கும் அளவுக்கு அன்பு. நம் பாடப்புத்தகம் தந்ததைவிட அந்த மக்கள் அவருக்குத் தந்த இடம் பெரிது.

தெரசா மே வருத்தம் தெரிவித்தபோது பெருங்காமநல்லூர் பேச்சிலேயே வரவில்லை. நாமே ஞாபகம் வைத்திருக்காத ஊரைப் பற்றி லண்டனுக்கு என்ன கவலை? நூற்றாண்டு நாளான 2020 ஏப்ரல் 3 கொரோனா ஊரடங்குக்குள் வந்து போனது.

வெள்ளையரை மட்டும் கேட்டால் போதுமா என்பது என் சந்தேகம். இங்கே அந்தச் சட்டம் 1947லும், நாடு முழுவதும் 1952லும் ஒழிந்தது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற பெயரில் பல மாநிலங்களில் அதன் நிழல் தொடர்ந்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கிற சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே 2024 அக்டோபரில்தான்.

"அப்போது நாங்கள் இல்லையே" என்று அரசு சொல்லலாம். 1984ல் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது மன்மோகன் சிங்கும் ஆட்சியில் இல்லை. ஆனாலும் 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் எழுந்து, சீக்கியர்களிடமும் நாட்டிடமும் மன்னிப்புக் கேட்டார். சீர்மரபினரிடம் அப்படி எந்தப் பிரதமரும் இன்னும் கேட்கவில்லை.