ஏபி 03: ஒரு பதிவெண்ணின் ஊர்

சித்தூருக்குக் கிழக்கே உள்ள கங்காதர நெல்லூர்ச் சாலையில் மூன்று வகை வாகன எண்கள் ஓடுகின்றன: ஏபி 03, ஏபி 39, டிஎன் 23. முதலாவது பழைய சித்தூர் மாவட்டத்துக்கு உரியது. மூன்றாவது வேலூருக்கு உரியது. நடுவில் உள்ள 39 எந்த ஊருக்கும் உரியதன்று. ஒரு மாநிலப் போக்குவரத்துத் துறை தன் அன்றாடப் பணியை எவ்வாறு நடத்தியது, பின்னர் எவ்வாறு மாற்றிக்கொண்டது என்னும் வரலாறு இந்த மூன்று எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. எண்பலகையை மாநில, மாவட்ட அடையாளத்தின் சின்னமாகப் படிப்பதே நம்மிடையே வழக்கம். அது பிற்காலத்தில் ஏறிய பொருள் என்பது என் வாதம். அடிப்படையில் அந்த எண் ஒரு முகவரி. வாகனத்தின் முகவரிகூட அன்று, பதிவேட்டின் முகவரி.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் சில எழுத்துகளை ஒதுக்கியது. சென்னை மாகாணத்துக்கு எம்டி, எம்எஸ் ஆகியவை கிடைத்தன. அவற்றோடு மூன்றாவதாக ஓர் எழுத்தும் அதன்பின் நான்கு இலக்கங்கள் வரையிலான எண்ணும் சேர்ந்தால் பதிவெண் முழுமையாகும். விபத்து நேர்ந்தாலோ, வரி நிலுவை இருந்தாலோ, வண்டி கைமாறினாலோ உரிமையாளரைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது: எந்த அலுவலகத்தின் அலமாரியில் அந்த வண்டியின் ஏடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. எழுத்துகள் அதைத்தான் சொல்லின. நூலகத்தில் நூலின் முதுகில் ஒட்டப்படும் அடுக்கு எண்ணைப் போன்றது இது.

ஏடு அலமாரியில் அசையாமல் இருக்கும், எல்லை அப்படியன்று. சித்தூர் மாவட்டமே 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. 1953 அக்டோபர் 1இல் அது சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. 1956 நவம்பர் 1இல் ஆந்திரப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. ஏபி, ஏஏ போன்ற எழுத்துகள் புதிதாக வந்தன. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மறுதிசையில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருத்தணிப் போராட்டத்தை ம.பொ.சி.யின் பெயரோடு சேர்த்து நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஊர்கள் இடம் மாறும்போது ஏடுகளும் இடம் மாற வேண்டும் என்பதை எந்த எல்லைப் போராட்ட வரலாறும் பொருட்படுத்துவதில்லை.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, இரண்டு மாநில எழுத்துகளோடு மாவட்டத்துக்கோ அலுவலகத்துக்கோ உரிய இரண்டு இலக்கங்கள் சேர்ந்தன. சித்தூருக்கு 03 கிடைத்தது. ஏன் மூன்று? மொழியியல் படித்தவர் கண்ணுக்கு விடை உடனே தெரியும். ஆதிலாபாத் 01, அனந்தபூர் 02, சித்தூர் 03, கடப்பை 04, கிழக்குக் கோதாவரி 05. இது ஆங்கில அகரவரிசை. சித்தூர், கடப்பை இரண்டின் பெயரும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'சி' என்னும் எழுத்தில் தொடங்கின. தெலுங்கு அகரவரிசையைப் பின்பற்றியிருந்தால் அனந்தபுரம் முதலில் வந்திருக்கும். ககர வர்க்கத்தில் தொடங்கும் கடப்பை, கரீம்நகர், கர்நூல், கிருஷ்ணா, கம்மம், குண்டூர் எல்லாம் கடந்து சித்தூர் ஒன்பதாவதாக நின்றிருக்கும். மொழிவழியாகப் பிரிந்த முதல் மாநிலத்தின் வாரிசு தன் மாவட்டங்களுக்கு எண் கொடுத்தபோது வரிசை தெலுங்கில் இல்லை. கடப்பையின் ஆங்கில எழுத்துக்கூட்டல் 2005இல் 'கே' எழுத்துக்கு மாறியது. எண் 04 மாறவில்லை. (எண்பலகையின் எழுத்துகள் ஆங்கிலத்திலும் இலக்கங்கள் அரபு எண்களிலுமே இருக்க வேண்டும் என்று நடுவண் விதி சொல்வதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.)

கங்காதர நெல்லூர் என்ற பெயரே இந்த முறையின் இறுக்கத்துக்கு எடுத்துக்காட்டு. பெயரில் நெல்லூர் இருந்தாலும் நெல்லூர் மாவட்டத்தின் 26 இவ்வூருக்குக் கிடையாது. வண்டியை எங்கே பதிவது என்பதை உரிமையாளரின் குடியிருப்போ தொழிலிடமோ தீர்மானித்தது. வேலூரில் பழைய வண்டி வாங்கி இங்கே கொண்டுவருபவருக்குச் சட்டத்தின் 47ஆம் பிரிவு பன்னிரண்டு மாதம் தருகிறது. அதற்குமேல் வண்டி இங்கேயே இருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முதலில் பதிந்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஓர் அலமாரியில் ஏட்டை முடித்து வேறோர் அலமாரியில் திறக்கும் சடங்கு அது. உறவும் சந்தையும் மருத்துவமனையும் எல்லையின் இரு புறமும் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சடங்கின் செலவு சிறிதன்று.

அலமாரி கணினிக்குள் சென்றபோது இந்த அமைப்பின் தேவை தளர்ந்தது. இதன் தொடக்கத்தைக் குஜராத்தில் பார்க்கலாம். 1990களின் இறுதியில் அங்கே போக்குவரத்து ஆணையராக இருந்த பி. பன்னீர்வேல் பத்து மாநில எல்லைச் சோதனைச்சாவடிகளைக் கணினிமயமாக்கினார். வண்டியின் எண்ணைக் கேமரா படம் பிடிக்கும்; மின்னணு எடைமேடை எடையைக் காட்டும்; தரவுத்தளம் பதிவு விவரத்தையும் அபராதத்தையும் சொல்லும். பதிவெண் அங்கே அலமாரியின் முகவரியாக இல்லாமல் தரவுத்தளத்தின் திறவுகோலாக மாறியது. இரண்டே ஆண்டுகளில் வருவாய் ஏறத்தாழ மும்மடங்கானது. அவர் பணி மாறிச் சென்றபின் கண்காணிப்புக் குறைந்து, சாவடிகள் பழைய கைமுறைக்குச் சரிந்ததையும் பிந்தைய மதிப்பீடு பதிவுசெய்தது. மின்னாளுகை பற்றிய பாடநூல்கள் முதற்பாதியைச் சொல்லும் ஊக்கத்தோடு இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

ஆந்திரப் பிரதேசம் 2019இல் மாவட்ட எண்களைக் கைவிட்டு மாநிலம் முழுமைக்கும் ஏபி 39 என்ற ஒரே குறியீட்டுக்கு மாறியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், மாநிலத்தின் எந்தப் பதிவு அலுவலகத்திலும் வண்டியைப் பதியலாம் என்று 40ஆம் பிரிவை மாற்றியது. இந்த முடிவின் பயன் மூன்று ஆண்டுகளில் தெரிந்தது. 2022 ஏப்ரல் 4இல் மாநிலத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. பழைய சித்தூரின் ஒரு பகுதியும் நெல்லூரின் ஒரு பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் உருவானது. பழைய முறை நீடித்திருந்தால் 03, 26 என்னும் இரு எண்களின் ஏடுகளைப் பிரித்துப் புதிதாக ஓர் எண்ணின்கீழ் அடுக்க வேண்டியிருந்திருக்கும். இம்முறை புதிய மாவட்டத்துக்கு எண்ணே தேவைப்படவில்லை. 1953இலும் 1960இலும் இருந்த சிக்கல் மாநிலத்துக்குள் தீர்ந்துவிட்டது. மாநில எல்லையில் அது அப்படியே நிற்கிறது. ஏபி என்னும் இரண்டு எழுத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் ஏடு அன்று, சாலைவரியும்கூட. வரி மாநிலத்தின் உரிமையாக இருக்கும்வரை வேலூர் வண்டிக்கான பன்னிரண்டு மாதக் கெடு நீங்க வாய்ப்பில்லை. 2021இல் வந்த பிஎச் வரிசையும் மாநிலம் விட்டு மாநிலம் பணி மாறும் அரசு ஊழியர் போன்றோரை எண்ணியே வகுக்கப்பட்டது. எல்லையோர உழவருக்கு அதில் இடமில்லை.

பழைய வண்டிகள் தம் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஆகவே 2018இல் சித்தூரில் பதிவான இருசக்கர வண்டி 2033 வரை, புதுப்பித்தால் அதற்கு அப்பாலும், ஏபி 03 என்ற எண்ணோடுதான் ஓடும். அது திருப்பதி மாவட்டத்தில் ஓடினாலும் அப்படித்தான்.