கம்பியில்லா உணரி வலையமைப்பு

மின்கலத்தில் இயங்கும் சிறு உணரிகள், அளந்த தகவலை வானொலி அலைவழியே ஒன்றுக்கொன்று கைமாற்றி மையக் கருவியில் சேர்க்கும் அமைப்பு. மூணாறு மலைச்சரிவில் நிலச்சரிவைக் கண்காணிக்க அமிர்தா பல்கலைக்கழகம் இத்தகைய அமைப்பை நிறுவியது.

இணைப்பு: ஒவ்வோர் உணரிக்கும் குறைந்தது இரு அண்டை உணரிகள் எட்டும் தொலைவில் இருந்தால், ஒன்று பழுதானாலும் தகவல் மாற்றுவழியில் செல்ல வாய்ப்புண்டு. இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸைவிட மரங்களையும் சுவர்களையும் எளிதில் கடக்கும்.

நம்பகம்: தகவல் கிடைத்ததற்கான ஒப்புகை வராவிட்டால் உணரி அதை மீண்டும் அனுப்பும். இடையிடையே உறங்குவதால் மின்கலம் நீடித்து உழைக்கும்.

பயன்: ஏரிகளின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கவும் இவ்வமைப்பு உதவும். எடுத்துக்காட்டாக, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் நின்றன. எனவே ஏரிக்கரை உணரிகளின் மையக் கருவிக்குச் சேமமின்கலமும் இரண்டாவது தொடர்புவழியும் இன்றியமையாதவை.