ஊர்தோறும் செல்லும் வெள்ளிக் கிண்ணம்

உலகக் கால்பந்துப் போட்டியின் பொற்கோப்பையை, அதனை வென்ற வீரரும் நாடுகளின் தலைவரும் அன்றிப் பிறர் வெறுங்கையால் தீண்டலாகாது என்பது வழக்கம். ஏனையோர் எட்ட நின்று கண்டு களிக்க வேண்டியதுதான். கனடா தேசத்திலோ ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. பள்ளிச் சிறுவன் அதனை முத்தமிடுகிறான். கடைத்தெரு வியாபாரி அதன்மேல் பொறித்த பெயர்களை விரலால் தடவிப் படிக்கிறார். தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையை அதன் கிண்ணத்தினுள் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறாள். இவர்களைத் தடுப்பார் இல்லை. ஸ்டான்லி கோப்பை என்பது அதன் பெயர். அதனை வென்ற அணிகளின் வரலாற்றை எழுதினோர் பலர். அதனைக் கண்ணாரக் கண்டும் கையாரத் தொட்டும் மகிழ்ந்த பொதுமக்களின் பக்கமாக நின்று அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பனித்தள ஹாக்கி நம்மவர் பலருக்கு அறிமுகமற்ற ஆட்டம். லடாக்கிலும் சிம்லாவிலும் பணியாற்றிய அன்பர்கள், உறைந்த நீர்ப்பரப்பின்மேல் இளைஞர்கள் அதனை ஆடக் கண்டிருக்கலாம். பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டு, காலில் எஃகு அலகு பூட்டிய சறுக்குக் காலணி, பக்கத்துக்கு அறுவர். நீண்ட குளிர்காலத்தை உடைய கனடாவில் இஃது ஊர்தோறும் ஆடப்படுவது. இவ்வாட்டத்தின் தலையாய பரிசே நாம் கூறவந்த கோப்பை. உச்சியில் ஒரு கிண்ணம், அதன்கீழ்ப் பீப்பாய் போன்ற அடிப்பாகம். உயரம் ஏறத்தாழ 3 அடி, எடை சுமார் 15.5 கிலோ.

பிரெஸ்டன் ஸ்டான்லி பிரபு 1888ஆம் ஆண்டில் கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவி ஏற்றார். (அதே ஆண்டில்தான் நம் சிம்லாவில் மார்ட்டிமர் டூராண்ட் பெயரால் கால்பந்துப் போட்டி தொடங்கியது. அயல்நாட்டில் ஆளவந்த ஆங்கிலப் பிரபுக்கள் பரிசுக் கோப்பை அளிப்பது அக்காலத்து மரபு.) 1889ஆம் ஆண்டு மான்ட்ரியால் நகரத்துக் குளிர்காலத் திருவிழாவில் அவர் ஹாக்கி ஆட்டத்தை முதன்முதலாகக் கண்டார். அவருடைய புதல்வர்கள் அதில் பெருவிருப்பம் கொண்டனர். மகள் இசபெல்லும் ஆடினாள். 1892 மார்ச் 18 அன்று ஒட்டாவாவில் நடைபெற்ற விருந்தொன்றில், ஆண்டுதோறும் சிறந்த அணிக்கு ஒரு கோப்பை அளிக்க விரும்புவதாக அவர் எழுதிய கடிதம் படிக்கப்பட்டது. லண்டனில் 10 கினி விலைக்கு வாங்கிய சிறு வெள்ளிக் கிண்ணமே அப்பரிசு. 1893இல் மான்ட்ரியால் அணி அதனை முதலில் பெற்றது. வழங்கிய வள்ளலோ அவ்வாண்டே தமையனார் மறைவினால் இங்கிலாந்து திரும்பினார். தம் கோப்பைக்காக நடந்த போட்டி ஒன்றையேனும் அவர் காணவில்லை.

அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று பின்னாளில் பெரும்பயன் விளைத்தது. எத்தனை முறை வென்றாலும் கோப்பை எந்த அணிக்கும் உடைமை ஆகாது. பழுதின்றித் திருப்பித் தர வேண்டும். அதனைப் பாதுகாக்க 'டிரஸ்டி'கள் இருவர் இருப்பர். ஐயம் எழுந்தால் அவர்கள் தீர்ப்பே முடிவு. இச்சொல்லைத் தமிழாக்குங்கால் அலுவலகக் காகிதங்களில் 'அறங்காவலர்' என்று எழுதுகிறோம். ஊரில் நாம் கேட்டு வளர்ந்த சொல் 'தருமகர்த்தா'. இவ்விடத்துக்கு இச்சொல்லே பொருத்தமாகப் படுகிறது. சுவாமியின் நகை தருமகர்த்தாவின் வீட்டுச் சொத்தாகாது என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டுவதில்லை அன்றோ?

யாருக்கும் உரிமையற்ற பொருள் யார் கையிலும் அகப்படும் என்பதை முதல் முப்பது ஆண்டுகள் காட்டின. 1905ஆம் ஆண்டு, வடகோடியில் யூகான் பகுதியிலிருந்த தங்கச் சுரங்க ஊராகிய டாசன் நகரிலிருந்து ஓர் அணி, ஏறத்தாழ 4,000 மைல் கடந்து ஒட்டாவாவுக்கு வந்தது. நடந்தும், நாய் வண்டியிலும், கப்பலிலும், ரயிலிலும் வந்து சேர்ந்த அவ்வீரர்கள் 9-2, 23-2 என்ற கணக்கில் தோற்றுத் திரும்பினர். இரண்டாம் ஆட்டத்தில் ஃபிராங்க் மெக்கீ என்ற ஒருவரே 14 கோல் அடித்தார். கோப்பை ஊருக்கு வராதா என்ற ஏக்கம் மக்களை எவ்வளவு தொலைவு ஓட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வென்ற ஒட்டாவா வீரர்களில் ஒருவர் களிப்பு மிகுதியால் அதனை ரிடோ கால்வாயில் உதைத்து எறிந்தார் என்றொரு கதை உண்டு; அதில் சான்றினும் சுவையே மிகுதி. 1907இல் மான்ட்ரியால் வாண்டரர்ஸ் அணியினர் படம் பிடித்த இடத்திலேயே கோப்பையை மறந்துவிட்டனர் என்றும், அது ஒரு வீட்டில் சில காலம் பூச்செடித் தொட்டியாக விளங்கியது என்றும் சொல்லுவர். 1924இல் மான்ட்ரியால் கனடியன்ஸ் அணியினர் விருந்துக்குச் செல்லும் வழியில், காரின் சக்கரத்தில் காற்று இறங்கிற்று. சக்கரத்தை மாற்றுவதற்காகக் கோப்பையைச் சாலையோரத்தில் இறக்கி வைத்தவர்கள், அதனை மறந்து போய்விட்டனர். திரும்பி வந்து பார்த்தபோது அது வைத்த இடத்திலேயே இருந்ததாம். வழிப்போக்கர் எவரும் எடுத்துச் செல்லாதது வியப்பே.

ஆனால் எடுத்துச் செல்ல முயன்ற இரசிகர் ஒருவரும் உண்டு. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை மான்ட்ரியாலில் இருந்தது. 1961இல் சிகாகோ அதனைக் கைப்பற்றிற்று. மறு ஆண்டு இவ்விரு அணிகளும் சிகாகோவில் மோதுகையில், அரங்கின் முகப்பில் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்த கோப்பையை மான்ட்ரியாலைச் சேர்ந்த ஒருவர் வெளியே எடுத்துத் தோளில் சுமந்து வாயிலை நோக்கி நடந்தார். காவலர் பிடித்து விசாரித்தபோது, உரிய ஊருக்கே அதனைக் கொண்டு போவதாக விடை கூறினார்! சட்டத்தின்முன் இது குற்றமே. ஆயினும் வெள்ளியின் விலைக்காக அவர் எடுக்கவில்லை என்பது தெளிவு.

இரசிகருக்கும் கோப்பைக்கும் இடையே இன்றுள்ள உறவுக்கு வித்திட்ட ஆண்டு 1995. வென்ற அணியினர் ஒவ்வொருவரும் கோடைகாலத்தில் ஒரு நாள் கோப்பையைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அவ்வாண்டு நியூ ஜெர்சி அணியின் வெற்றியோடு முறையாகத் தொடங்கியது. அதற்கு முன்பும் வீரர்கள் அங்குமிங்கும் எடுத்துச் சென்றதுண்டு. இப்போது அது வழக்கமாயிற்று. ஸ்டான்லி பிரபு வாங்கிய பழைய கிண்ணம் தேய்ந்து நொய்ந்துவிட்டமையால், டொராண்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில், முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தின் இரும்பறையில் அமைதி கொண்டுள்ளது. 1963இல் மான்ட்ரியால் வெள்ளித் தட்டார் கார்ல் பீட்டர்சன் அதைப்போலவே செய்த கிண்ணத்தைத் தாங்கிய கோப்பைதான் வெளியே உலா வருவது. மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் வீதிக்கு எழுந்தருளும் முறையை இங்குக் காண்கிறோம். உடன் செல்லும் காப்பாளர்களில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவர் பில் பிரிட்சார்ட். வெள்ளைக் கையுறை அணிந்து கோப்பையை ஏந்திவரும் அவர் முகம் அந்நாட்டாருக்கு வீரர் முகம் போன்றே பழக்கமானது. டொராண்டோவில் ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அங்கே உறவினர் உடைய நேயர்கள் செல்லுங்கால் அம்மண்டபத்தைக் காணலாம்.

வெளிமாநிலங்களில் பிழைக்க வந்த நமக்கு இவ்வேற்பாட்டின் உட்பொருள் எளிதில் விளங்கும். வீரர்கள் சம்பளத்துக்காக ஆடுவது டிட்ராய்ட், டென்வர், டாம்பா போன்ற பெருநகரங்களில். தமக்கெனக் கிடைத்த அந்த ஒரு நாளில் அவர்களுட் பெரும்பாலோர் கோப்பையை எங்கே கொண்டு செல்கின்றனர்? சறுக்கக் கற்ற சிற்றூருக்கு. 1996இல் அது அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சுவீடனுக்குச் சென்றது, 1997இல் மாஸ்கோவுக்கு. ஊர்ப் பனித்தளத்திலும், தீயணைப்பு நிலையத்திலும், மருத்துவமனையிலும் அதனை இறக்கி வைக்கிறார்கள். முதலில் கற்றுக்கொடுத்த ஆசானும், விடியற்காலையில் பயிற்சிக்கு வண்டி ஓட்டிய பெற்றோரும், பின்னர் ஊராரும் வரிசையில் நின்று தொடுகின்றனர். 2007இல் ஆப்கானிஸ்தானத்துக் காந்தகாரில் இருந்த கனடியப் போர்வீரர்களையும் அது சென்று கண்டது. விடுப்புக் கிடைக்காதவரிடம் வீடே வந்தது போலாயிற்று.

இங்கே ஒரு வினோதம். இன்னும் வெல்லாத ஆட்டக்காரன் கோப்பையைத் தொடமாட்டான். தொட்டால் வெற்றி கிட்டாது என்பது அவர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஆகவே, தொழில்முறை வீரன் அருகில் வரவும் அஞ்சுகின்ற பொருளை ஊர்ச் சிறுவன் அச்சமின்றித் தழுவுகிறான். தலைக்குமேல் தூக்குவது மட்டும் வென்றவர்க்கே உரியதென்று விட்டுவிடுகின்றனர்.

இரு நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1997இல் டிட்ராய்ட் அணி வென்று ஆறே நாளில், அவ்வணியின் ருஷ்ய வீரர் விளாடிமிர் கான்ஸ்டன்டினோவ் கார் விபத்தில் படுகாயமுற்றார். பின்னர் அவர் ஆடவே இல்லை. மறு ஆண்டு ஜூன் மாதம் வாஷிங்டனில் அதே அணி மீண்டும் வென்றது. அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் கோப்பையைப் பெற்றதும், சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்கு அழைத்து வரப்பட்ட கான்ஸ்டன்டினோவின் மடியில் அதனை வைத்தார். தோல்வியுற்ற நகரத்து மக்களும் அன்று அவருக்காக எழுந்து நின்று கை தட்டினர்.

மற்றொன்று 2001இல் நடந்தது. ரே போர்க் என்பவர் பாஸ்டன் அணிக்காக 1979 முதல் இருபது ஆண்டுகளுக்குமேல் ஆடியும் கோப்பையைக் காணாதவர். 2000இல் கொலராடோ அணிக்கு மாறி, அடுத்த ஆண்டு அங்கே வென்றார். வென்ற சில நாட்களுக்குள் அவர் கோப்பையைப் பாஸ்டன் நகரமன்றத்தின் முற்றத்துக்குக் கொண்டு வந்தார். பல்லாயிரம் பேர் திரண்டனர். தம் அணியை விட்டுச் சென்ற ஒருவர், வேறோர் ஊருக்காக வென்ற பரிசு அது. நியாயப்படி பாஸ்டன் மக்களுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. இது முறையன்று என முணுமுணுத்தோரும் இருந்தனர். நமக்கோ, கூடியவர்கள் செய்ததே சரியெனத் தோன்றுகிறது. மணமாகி வேறூர் சென்ற மகளின் சீமந்தத்தைப் பிறந்தகம் கொண்டாடுவதில்லையா?

தொட்டுப் பார்ப்போர் தேடுவது பெரும்பாலும் பெயர்களையே. வென்ற அணியின் வீரர் பெயர்கள் ஆண்டுதோறும் அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிப் பட்டைகளில் பொறிக்கப்படுகின்றன. பிழைகளும் உண்டு; 1972இல் பாஸ்டன் என்ற பெயரையே எழுத்து மாற்றிப் பொறித்துவிட்டனர். பட்டைகள் ஐந்து, ஒவ்வொன்றிலும் 13 அணிகளுக்கே இடம். இடம் நிரம்பியதும் மிகப் பழைய பட்டையைக் கழற்றி டொராண்டோவில் வைத்துவிட்டுப் புதியதைப் பூட்டுவர். 2018இல் இவ்வாறு 1954 முதல் 1965 வரையிலான பெயர்கள் அகன்றன. மோரிஸ் ரிச்சர்ட், கார்டி ஹோ ஆகிய பெரும்புகழ் வீரர்களும், கோப்பையில் இடம்பெற்ற முதற் பெண்மணியான டிட்ராய்ட் தலைவி மார்கரீட் நாரிஸும் அதனுடன் நீங்கினர். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பெயர்களைத் தடவிய சிறுவன், இன்று தன் பேரனுக்கு அவற்றைக் காட்ட வேண்டுமாயின் டொராண்டோவுக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

கோப்பை யாருடையது என்ற வினா ஒருமுறை நீதிமன்றத்துக்கும் வந்தது. 2004-05 பருவத்தில் தேசிய ஹாக்கி லீகின் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஊதியத் தகராறு ஏற்பட்டு ஆட்டமே நடைபெறவில்லை. 1919இல் விஷக் காய்ச்சல் பரவி இறுதிப்போட்டி நின்றதற்குப் பிறகு, கோப்பை எவர்க்கும் அளிக்கப்படாத ஆண்டு 2005தான். டொராண்டோவில் பொழுதுபோக்காக ஹாக்கி ஆடும் சிலர், லீக் ஆடாவிடில் பிறர் ஆடட்டும், ஸ்டான்லி பிரபுவின் கொடை ஒரு வணிக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த சாசனமன்று என வழக்குத் தொடுத்தனர். கவர்னர் ஜெனரலாக இருந்த ஏட்ரியன் கிளார்க்சன், பெண்கள் அணிகளுக்கு அதனை அளிக்கலாமே என்றார். அது நடவாது போகவே, பெண்களுக்கெனத் தம் பெயரால் தனிக் கோப்பை ஒன்றை அளித்தார். வழக்கு 2006இல் உடன்பாட்டில் முடிந்தது. லீக் ஆடாத ஆண்டில், தருமகர்த்தாக்கள் விரும்பினால் வேறு அணிகளுக்குக் கோப்பையை வழங்கலாம். அவ்வாறு வழங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெண்கள், வசதியற்ற சிறுவர் ஆகியோரின் ஹாக்கிக்காக ஐந்தாண்டுகள் ஆண்டுதோறும் 1 லட்சம் டாலர் தரவும் லீக் இசைந்தது. ஒரு கவர்னர் ஜெனரலின் பழைய கடிதத்தை நம்பி மன்றம் ஏறிய சாமானிய ஆட்டக்காரர்கள் பெற்ற பலன் சிறிதன்று.

2020ஆம் ஆண்டு கோவிட் கொள்ளைநோயால் இறுதிப்போட்டிகள் அனைத்தும் எட்மன்டன் நகரில், பார்வையாளர் ஒருவருமின்றி நடந்தன. செப்டம்பர் 28 அன்று டாம்பா பே அணி கோப்பையைப் பெற்றபோது இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. இரண்டே நாளில் டாம்பா நகரத்து ஆற்றில், நம் ஊர்த் தெப்போற்சவம் போல, வீரர்கள் படகுகளில் கோப்பையை ஏந்தி வலம் வந்தனர். இருகரையிலும் மக்கள் நின்று கண்டனர். அடுத்த ஆண்டும் அவ்வணியே வென்றது. மீண்டும் படகு உலா. அந்தக் கொண்டாட்டத்தில் கிண்ணத்தின் விளிம்பு நசுங்கிப் போயிற்று. மான்ட்ரியால் தட்டாரிடம் அனுப்பி ஒக்கிட்டனர். கோடை இன்னும் முடியவில்லை. தத்தம் ஊரில் கோப்பையை எதிர்பார்த்திருந்த வீரர்களின் வீடுகளை நோக்கி அது மறுபடியும் புறப்பட்டது.