விழுந்த மரத்துக்குக் கணக்கு உண்டு, அகற்றிய கைகளுக்கு?

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அரசு ஒரு கணக்கு வெளியிடுகிறது. எத்தனை மின்கம்பங்கள் சாய்ந்தன, எத்தனை மரங்கள் விழுந்தன, எத்தனை ஆடுமாடுகள் செத்தன, எத்தனை குடிசைகள் போயின என்று பட்டியல் நீளும். விழுந்த மரங்களை அறுத்து, இழுத்து, சாலையைத் திறந்துவிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது, எத்தனை பேருக்குக் காயம் என்ற வரியை மட்டும் அந்தப் பட்டியலில் தேடித்தான் பார்க்க வேண்டும். விடுபட்ட அந்த வரியின் வரலாற்றைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். கடல் நமக்கு வெகுதூரம். ஆனால் சித்திரை, வைகாசியில் அடிக்கும் சூறைக்காற்றை நம் பகுதி நன்றாகவே அறியும். வாழை சாயும், பாக்குமரம் முறியும், சாலையோரப் புளியமரம் குறுக்கே விழும். அப்போது அழைக்கப்படுவது யார் என்பதும் நமக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. கரையோர மாவட்டத்தில் பேரிடர் என்றால் உள்மாவட்ட நகராட்சிகளிலிருந்துதான் தூய்மைப் பணியாளர்கள் பேருந்தில் ஏற்றி அனுப்பப்படுகிறார்கள். நம் மேற்கு மாவட்டங்களில் அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள். ஆகவே புயல் எங்கே அடித்தாலும் அதன் சுமை நம் காலனி வாசலுக்கு வந்துவிடுகிறது.

அவசரம் என்னும் பழைய சொல்

1858ஆம் ஆண்டு, கம்பெனி ஆட்சியின் கடைசிக் காலத்தில், சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரே 'சென்னை கட்டாய உழைப்புச் சட்டம்'. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், அருகிலிருக்கும் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலு உள்ள ஆண்களை எல்லாம் வேலைக்கு வரச்சொல்ல அதிகாரிக்கும் ஊர்த்தலைவருக்கும் அது உரிமை கொடுத்தது. கூலி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை. வராவிட்டால் தண்டனை.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியது அதன் ஆள் தேர்வு. கரை உடைந்தால் வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும் போகும். நிலம் அதிகம் வைத்திருப்பவருக்கு நட்டமும் அதிகம். ஆனால் கூடையும் மண்வெட்டியும் தூக்க வேண்டியவர்கள் 'உழைக்கும் வகுப்பினர்' மட்டும். சட்டம் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. யார் வேலைக்காரர், யார் வேலை ஏவுபவர் என்பதை ஊரும் சேரியும் முன்பே பிரித்து வைத்திருந்தன. அரசு அந்தப் பிரிவினைமீது ஏறி நின்றுகொண்டது.

பம்பாய் மாகாணத்தில் மகர் மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்த வத்தன் ஊழியத்தை எதிர்த்து பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தது இதே நோய்க்கு எதிராகத்தான். பிறப்பால் வந்து சேரும் ஊழியத்துக்கு நேரக்கணக்கும் இல்லை, நியாயமான ஊதியமும் இல்லை. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியை நம் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பார்க்கலாம். கட்டாய உழைப்பை அது தடை செய்கிறது. பொதுநலனுக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம் என்று ஒரு விதிவிலக்கு தருகிறது. கூடவே, அப்படிக் கேட்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் கட்டுப்போடுகிறது. 1858ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இந்தப் பிரிவுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாணவர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சையில் 1952

1952 ஆகஸ்டில் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர்களையும் பண்ணையாள்களையும் பாதுகாக்க அவசரச் சட்டம் வந்தது. நினைத்த நேரத்தில் பண்ணையாளை வெளியே தள்ள முடியாது என்ற பாதுகாப்பு அப்போதுதான் எழுத்தில் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பக்கம் கடும் புயல் கரையேறியது. மிராசுதாரர்களின் தோப்புகளில் விழுந்த மரங்களை அறுத்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? பண்ணையில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். தங்கள் குடிசையே பறந்துபோன நிலையில்தான் அவர்கள் ஆண்டையின் தோப்புக்குள் இறங்கியிருக்க முடியும். அந்த உழைப்புக்குத் தனிப்பதிவு இல்லை. அதே மண்ணில் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட பாவத்துக்குக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். உழைப்புக்கு விலை கேட்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட நிலத்தில், புயல்காலக் கூலியை எவர் கணக்கெழுதி வைத்திருப்பார்?

இது நம் நாட்டின் கதை மட்டுமில்லை. 1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கரை உடைத்தபோது, கிரீன்வில் நகரில் கறுப்பினத் தொழிலாளர்கள் கரைமேட்டு முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். துப்பாக்கி ஏந்திய காவலுக்கு நடுவே வேலை வாங்கப்பட்டார்கள். வெள்ளையர்கள் படகேறிப் போக, கறுப்பர்கள் வெளியேறத் தடை. தோட்ட முதலாளிகளுக்கு வெள்ளம் வடிந்தபின் ஆள் வேண்டும் என்பதே காரணம். இயற்கை எல்லோரையும் ஒன்றுபோல அடிக்கிறது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கரைமேட்டை நினைத்துக்கொள்வோம்.

ஆழிப்பேரலை முதல் வர்தா வரை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த உடல்களை இடிபாடுகளுக்கும் முறிந்த மரங்களுக்கும் இடையிலிருந்து எடுத்துப் புதைக்க வேறு நகரங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பலருக்குக் கையுறையும் முகமூடியும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் மாநிலம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பணியாளர்கள் தலைநகருக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். போனவர்களிடம் பேசினால் நாங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கதை. மாலையில் தகவல், இரவில் பயணம், மாற்றுத்துணி எடுக்க நேரமில்லை, தங்க இடம் எதுவென்று போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை அடித்தது. பணமதிப்பு நீக்கத்தின் ஐந்தாவது வாரம், கையில் ரொக்கம் இல்லாத நேரம். ஒரே பிற்பகலில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. விழுந்தவற்றில் பெருங்கொன்றை, குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்த மரங்கள் ஏராளம். வேர் பரவ இடமில்லாமல் நடைபாதையில் சிமென்ட் பூசியதும், கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டி வேரை வெட்டியதும் சேர்ந்து அவற்றைச் சாய்த்தன. நகர நிர்வாகத்தின் பிழையில் பாதி அந்த மரங்களாக ரோட்டில் கிடந்தது. அதைக் கூட்டி அள்ளியவர்கள் நகரத்தின் கடைநிலைப் பணியாளர்கள். பசுமை ஆர்வலர்கள் மரங்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள். விடட்டும், நமக்கும் மரம் வேண்டும். அந்த மரத்தைத் தோளில் சுமந்தவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

கஜா: நிவாரணத்தின் விலைப்பட்டியல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி பகுதிகளின் தென்னந்தோப்புகள் வேரோடு கவிழ்ந்தன. அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஆக மரத்துக்கு 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் விவசாயிகள் இது போதாது என்றார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானதே. சிறு விவசாயியின் வலியை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். முழுதாக அழிந்த குடிசைக்கு அறிவிக்கப்பட்டது 10,000 ரூபாய். அதாவது ஒன்பது தென்னை மரமும் ஒரு குடும்பத்தின் வீடும் ஏறக்குறைய ஒரே விலை. அகற்றுவதற்கான 500 ரூபாயும் மரத்தின் உரிமையாளர் பெயருக்கே போகிறது. அதில் எவ்வளவு, அறுத்தவர் கைக்கு வர வேண்டும் என்று விதி எதுவும் கூறவில்லை. மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோருக்குத் தோப்பு போனால் பல ஆண்டு வேலை போயிற்று. மரம் அவர்கள் பெயரில் இல்லாததால் இழப்பும் அவர்கள் பெயரில் பதிவாகவில்லை.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறுமி, பூப்பெய்தினாள் என்பதற்காகத் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். புயலில் தென்னை விழுந்து அவள் இறந்தாள். புயல் மரணம் என்று எழுதி முடித்துவிட்டோம். அவளை அந்தக் குடிசைக்கு அனுப்பியது காற்று இல்லையே.

மரம் யாருடையது?

கேள்வி கடைசியில் நிலத்தில் வந்து நிற்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் நமக்குத் தெரியும். அந்த நிலம் கைமாறிப் போனபோது அதில் நின்ற மரமும் போனது. புறம்போக்கு நிலத்து மரத்தை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒரு ஏற்பாடு வருவாய்த் துறையில் உண்டு. நம் ஊர்களில் அது யார் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வேலையை மாணவர்கள் எடுத்துச் செய்யலாம். நல்ல ஆய்வாக இருக்கும்.

உரிமை இல்லாதவருக்கு ஆபத்து மட்டும் மிச்சம். பக்கத்துப் பட்டாதாரரின் மரமோ நெடுஞ்சாலைத் துறையின் புளியமரமோ காலனிக் கூரைமேல் சாய்ந்து நின்றால், கூரைக்குச் சொந்தக்காரர் அதைத் தொட முடியாது. மனு எழுதலாம், காத்திருக்கலாம். விழுந்த பிறகு அதே குடியிருப்பிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள்.

அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். புயலில் சாய்ந்த மரம், நிற்கும் மரத்தைப் போன்றதன்று. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையில் ரம்பம் பட்டதும் அது வில்லாக நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்ப்பகுதி சட்டென்று பழைய குழிக்குள் சரியும், பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்து இழுக்கும். கிளைக்குள் சிக்கிய கம்பியில் மின்சாரம் இருக்கலாம். மின்வாரியம் லைனை நிறுத்தி உறுதி சொல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. பவர் சா ஓட்டுபவருக்குத் தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கால் பாதுகாப்பு உடை எல்லாம் வேண்டும். இது பயிற்சி பெற்றவர் செய்யும் தொழில்நுட்ப வேலை. குப்பை அள்ளுபவரிடம் அரிவாளைக் கொடுத்து ஏவுகிற எடுபிடி வேலையாக இதை மாற்றியது நம் சாதியச் சமூகம்.

நாம் கேட்க வேண்டியவை

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 61ஆம் பிரிவில், இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. நிவாரணம் பெறுபவரைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் சட்டத்தை, மீட்பு வேலை செய்பவர் பக்கமும் நீட்டச் சொல்வதுதான் அடுத்த கட்டப் போராட்டம். 23ஆம் பிரிவு அதற்கு நம் கையில் இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு நகராட்சியிலும் சில கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வைப்போம். கடந்த பேரிடர்களுக்கு வெளியூர் அனுப்பப்பட்ட பணியாளர்கள் எத்தனை பேர், நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை? எழுத்து வடிவில் ஆணை கொடுக்கப்பட்டதா? கூடுதல் ஊதியம், தங்குமிடம், உணவு, காப்பீடு என்ன? மரம் அறுக்கப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், பாதுகாப்புக் கருவிகள் எத்தனை கையிருப்பில் உள்ளன? பதில் வந்தால் ஆவணம், வராவிட்டால் மேல்முறையீடு. இரண்டுமே நமக்குப் பயன்படும்.

ஊராட்சிகளில் கிராமசபை கூடும்போது, காலனி வீடுகள்மேல் சாய்ந்து நிற்கும் மரங்களைப் பட்டியலிட்டுத் தீர்மானம் போடவைப்போம். அகற்றும் தொகையை அறுத்த தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்வோம். தோப்பு அழிந்தால் உரிமையாளரோடு அங்கே வேலை செய்த கூலிக் குடும்பங்களையும் கணக்கெடுக்கச் சொல்வோம்.

தன்னார்வலராகப் புயல் பகுதிக்குப் போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிஸ்கட்டும் போர்வையும் கொண்டு போங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் மரம் அறுத்துக்கொண்டிருப்பவர் எந்த ஊர், எத்தனை மணி நேரமாக வேலை செய்கிறார், சாப்பிட்டாரா, கையுறை இருக்கிறதா, நாள்கூலி எவ்வளவு என்று அவர் சம்மதத்தோடு எழுதி வாருங்கள். 1952இல் அப்படி எழுத யாரும் இருக்கவில்லை.

ஜெய்பீம்.