ஐந்து கையெழுத்துகள்

விண்வெளிச் சாகசக் கதைகளில் தவறாமல் வரும் கட்டம் ஒன்று உண்டு. பேரரசின் கப்பல்கள் துரத்துகின்றன, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, தப்பி ஓடுகிறவன் விண்மீன் வரைபடத்தில் எங்கோ ஒரு மூலையைச் சுட்டி, ‘அங்கே என் பழைய நண்பன் ஒருவன் இருக்கிறான்’ என்பான். 1980-இல் வெளிவந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் ஹான் சோலோ இப்படித்தான் மேக நகரத்துக்குப் போய்ச் சேர்கிறான். நண்பன் லாண்டோ கட்டித் தழுவி வரவேற்கிறான். விருந்துக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தால் உள்ளே டார்த் வேடர் அமர்ந்திருக்கிறான். காட்டிக்கொடுத்த லாண்டோவும் முழுத் துரோகியல்லன். தன் நகரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்கு அவனுக்கு இருந்தது. பிறகு மனம் மாறுகிறான். 1983-இல் வந்த அடுத்த படத்தில் அதே நண்பனை மீட்கவும் வருகிறான்.

இக்கட்டத்தை நாம் வெறும் திரைக்கதை உத்தியாகக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓடி வருகிறவன் கதவைத் திறப்பவனை நம்பலாமா என்பது ஒன்று. கதவைத் திறப்பவன் ஓடி வந்தவனை நம்பலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கதைகள் பெரிதாக எழுதுகின்றன. வரலாற்றில் கூடுதல் விலை கொடுத்தவர்கள் இரண்டாம் கேள்விக்கு விடை சொன்னவர்களே என்பது நம் எண்ணம்.

வள்ளுவர் இதை வரிசைப்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. ‘நட்பு’ 79-ஆம் அதிகாரம், ‘நட்பாராய்தல்’ 80, அதற்கடுத்து ‘பழைமை’. ஆராய்ந்து நட்புக் கொள் என்று சொல்லி முடித்த கையோடு, நட்புப் பழையதாகிவிட்டால் நண்பன் கேளாமல் செய்த காரியத்தையும் உரிமையென்று ஏற்றுக்கொள் என்கிறார். ஆராய்ச்சிக்குரிய காலம் ஒன்று, அது முடிந்தபின் ஆராயக் கூடாத காலம் ஒன்று என்று அவர் பிரித்திருப்பதாகத் தோன்றுகிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், தலைமறைவாகி வருகிற பழைய நண்பன் இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறான். பழையவன்தான், ஆனால் நாம் அறிந்த அதே ஆள்தானா?

தென்பாண்டிச் சீமையில் இரண்டாண்டு இடைவெளியில் இதற்கு இரு வேறு விடைகள் கிடைத்தன. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள் பிடிபட்டு, கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, கோட்டையை மீண்டும் எழுப்பி, அது மே மாதம் வீழ்ந்தபின் சிவகங்கைச் சீமைக்குப் போனார். மருது சகோதரர்கள் சிறுவயலில் அடைக்கலம் தந்தார்கள். ஒப்படைக்கும்படி கேட்டபோது மறுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 24-இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில்.

மருதிருவரின் முன்கதையை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1772-இல் காளையார்கோயில் போரில் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், வேலு நாச்சியாரோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் கோபால நாயக்கரின் ஆதரவில் சுமார் எட்டாண்டுகள் தங்கியிருந்தவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் தாமே கதவைத் தட்டியவர்கள். தட்டியவனுக்குத்தான் தட்டும் ஓசை கேட்கும் போலும்.

நம் கொங்கு மண்ணின் கதை இன்னும் கசப்பானது. ஓடாநிலையிலிருந்து தப்பிய தீரன் சின்னமலை பழனி மலைப் பக்கம் மறைந்திருந்தபோது சமையற்காரன் வீட்டில் வைத்துப் பிடிக்கப்பட்டார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. 1805-இல் சங்ககிரியில் தூக்கு. ஆடி மாதத்தில் அவர் நினைவு கொண்டாடப்படும்போதெல்லாம் அந்தச் சமையற்காரனும் வசைக்காக நினைக்கப்படுகிறான். துரோகிகளுக்கு நாட்டார் நினைவு தரும் ஆயுள் அடைக்கலம் தந்தவர்களுக்கு வாய்ப்பதில்லை. எட்டப்பன் என்ற பெயர் வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. விருப்பாட்சி கோபால நாயக்கர் பெயர் எத்தனை பேர் நாவில் வருகிறது?

இக்கேள்வியை வேலம்பாளையத்திலிருந்து எழுதுவதற்கும் ஒரு பொருத்தம் உண்டு. 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை 15 வேலம்பாளையம் தனி நகராட்சி. பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைச் சுத்தியல், இங்கே பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் இரைச்சல். ஊரில் கடன்பட்டவரும், வீட்டை எதிர்த்து மணந்தவரும், வழக்குக்கு அஞ்சியவரும் முதலில் நினைப்பது திருப்பூர் பஸ்ஸைத்தான். ஏற்கெனவே வந்து செக்கிங்கிலோ கட்டிங்கிலோ நிலைத்துவிட்ட ஊர்க்காரன் ஒருவனின் லைன் வீட்டுக் கதவு இரவில் தட்டப்படும். மறுநாள் காலை அவன்தான் கம்பெனியில் போய், ‘நம்ம ஆளுதாங்க’ என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்பார். அதைவிட அழுத்தமாக, ‘தெரிஞ்சவங்க ஆருங்க இருக்காங்க?’ என்று கேட்பார். அந்த ‘தெரிஞ்சவங்க’ என்ற சொல்லின்மேல் ஏறி நிற்கிற பொறுப்பு சிறிதன்று. வந்தவன் நல்லபடி உழைத்தால் பெயர் அவனுக்கு. இரவோடிரவாக அட்வான்ஸோடு போய்விட்டால் பழி ‘நம்ம ஆள்’ என்றவனுக்கு.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் நோக்கமே அதுதான்.

1908-இல் ‘இந்தியா’ இதழின் பெயரளவு ஆசிரியர் சீனிவாசன் கைதானபின் பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார். கையில் ஓர் அறிமுகக் கடிதம். முதலில் இடம் தந்த வீட்டார் போலீசின் மிரட்டலில் கலங்கிப்போனார்கள் என்று பாரதி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வதில் நமக்கு விருப்பமில்லை. முன்பின் அறியாத ஒருவர்; பின்னால் நிழல்போல் ஒற்றர்கள்; வீட்டிலே பெண்டு பிள்ளைகள். அச்சம் இயல்பு. அந்த அச்சத்தின் நடுவிலும் குவளைக் கண்ணன் போன்ற சிலர் வந்து சேர்ந்தார்கள் என்பதே வியப்பு.

அப்படித் தட்டுத்தடுமாறி இடம்பிடித்த தலைமறைவாளர்தான் ‘ஞானரதம்’ எழுதியவர். 1910-இல் நூலாக வந்த அதில், நினைத்த மாத்திரத்தில் பறக்கும் தேரிலேறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம் என்று உலகம் உலகமாகச் செல்கிறான் கதைசொல்லி. தமிழில் விண்வெளிச் சாகசத்துக்கு முன்னோடி தேடுகிறவர்கள் இந்நூலில் நின்று போகலாம். கவலையே இல்லாத உபசாந்தி லோகத்து வாயிலில் அவனுக்கு ஒரு நிபந்தனை வைக்கப்படுகிறது: மனம் உள்ளே வர முடியாது, அதைத் துறந்துவிட்டு வர வேண்டும். கூடவே வந்த பழைய தோழனாகிய மனத்தைக் கைவிட அவனுக்கு இயலவில்லை, திரும்பிவிடுகிறான். அறிவியல் அதில் இல்லை என்பார்கள். இல்லைதான். ஆனால் தப்பி வந்த ஒருவர், உடன் வந்தவனை வாசலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் காப்பிடம் புகுவதில்லை என்று எழுதியிருக்கிறார்.

1910 மார்ச் 31 அன்று வங்காள இளைஞர் ஒருவர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரிடம் ஒரு கடிதத்தோடு வந்தார். அரவிந்தர் இரகசியமாக வரப்போகிறார், வீடு பாருங்கள் என்பது செய்தி. சீனிவாசாச்சாரியார் நம்பவில்லை. அரவிந்தரைப்போன்ற ஒருவர் இப்படி ஓர் இளைஞனை அனுப்புவாரா, இவனே போலீஸ் ஆளாக இருந்தால் என்ன செய்வது என்ற ஐயம். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று நாள் கடத்தினார்கள். ஏப்ரல் 4 அன்று கப்பல் வந்தது. அரவிந்தர் உண்மையாகவே இறங்கினார். பாரதியும் சீனிவாசாச்சாரியாரும் எதிர்கொண்டு அழைத்துச் சென்று சங்கர செட்டியார் வீட்டு மாடியில் தங்கவைத்தார்கள். ஆராய்தலுக்கும் அடைக்கலத்துக்கும் நடுவே நான்கே நாள்.

அதே ஆண்டின் இறுதியில் வ.வே.சு. ஐயர் வந்தார். இலண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் தோழர். மார்ச்சில் சாவர்க்கர் கைதானபின் மாறுவேடத்தில் தப்பியவர். கப்பலில் ஓர் ஒற்றன் ஐயர் பெயருக்கு வந்த தந்தியை நீட்டிச் சோதித்ததாகவும், பெட்டியிலிருந்த வ.வே.சு. என்பதற்குரிய ஆங்கில முதலெழுத்துகளை ‘வீர விக்ரம சிங்’ என்று விரித்துச் சொல்லி அவர் தப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. விண்வெளிக் கதைக்காரர்கள் பொறாமைப்படவேண்டிய கட்டம்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டபின் புதுச்சேரி ஒற்றர்களால் நிறைந்தது. ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி மேலே வந்தது. அதற்குள் இராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்களும் காளி படமும். வேண்டுமென்றே போடப்பட்டவை. அரவிந்தரின் யோசனைப்படி அவர்களே பிரெஞ்சுப் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு சோதனைக்கு வந்த நீதிபதி, அரவிந்தரின் அறையில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு மரியாதையோடு திரும்பினார்.

ஒற்றன் வீட்டுக்குள்ளேயே இருந்த கதையும் உண்டு. நோயுற்ற ஓர் இளைஞருக்குப் பணியாளாக வந்து அரவிந்தர் வீட்டிலேயே தங்கிய பிரேந்திரநாத் ராய் போலீசின் ஆள். அவன் ஊர் திரும்ப, அவனிடத்துக்கு வேறொருவன் வரவேண்டிய நேரம். புதியவன் அடையாளம் காண்பதற்காக அவன் மொட்டை அடித்துக்கொண்டான். முன்பு கடிதத்தோடு வந்த அதே வங்காள இளைஞருக்கு அதைப் பார்த்து ஆசை, தானும் மொட்டையடித்துக்கொண்டார். விளையாட்டுத்தான். ஒற்றனுக்கோ தன் இரகசியம் தெரிந்துவிட்டது என்று கலக்கம். எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டு, போலீசிடம் பெற்ற பணத்தையும் கொண்டுவந்து வைத்தான். அவனை அவர்கள் அடித்துத் துரத்தவில்லை.

இத்தனை ஐயங்களுக்கு நடுவில்தான் அந்த ஐந்து கையெழுத்துகள் வருகின்றன. 1911-இல் புதுச்சேரியில் அயலார் பற்றிய சட்டம் ஒன்று வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஐவர் அவர்களுக்காகச் சான்று ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். ஐவர் கிடைக்கமாட்டார்கள் என்பது சட்டத்துக்குப் பின்னாலிருந்தவர்களின் கணக்கு. சங்கர செட்டியார் தம் கையெழுத்தைப் போட்டு, மற்ற நால்வரிடமும் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். வணிகமும் சொத்தும் அரசாங்கத்தில் செல்வாக்கும் உடையவர்கள். இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவர்கள். மேக நகரத்து லாண்டோவின் நிலைதான் அவர்களுக்கும். அவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். தமிழ் இலக்கியத்துக்கு அக்கையெழுத்துகள் என்ன தந்தன என்பதை இவ்விதழ்களின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: பாரதியின் மிகச் சிறந்த ஆக்கங்கள் அப்புதுச்சேரி ஆண்டுகளில் பிறந்தவை, ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுப்பின் ஐயரும் அந்தப் புதுச்சேரியின் ஐயர்தான்.

நம்பப்பட்டவர்கள் எல்லோரும் எல்லாவற்றிலும் நம்பிக்கைக்குரியவராக நடந்தார்களா என்றால், இல்லை என்றும் சொல்ல வேண்டும். ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பந்தி பிரித்த விவகாரம் வரதராஜுலு நாயுடுவையும் ஈரோட்டு ராமசாமியாரையும் எவ்வளவு புண்படுத்தியது என்பது தனிக் கட்டுரைக்குரியது. 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் மறைந்தபோது அந்தப் புண் ஆறியிருக்கவில்லை.

மீதமிருப்பவர் நீலகண்ட பிரம்மச்சாரி. புதுச்சேரியில் ‘சூரியோதயம்’ நடத்தியவர், தென்மாவட்டங்களில் இளைஞர்களை இரகசிய சங்கத்தில் சேர்த்தவர், ஆஷ் வழக்கில் முதல் எதிரி, ஏழாண்டுத் தண்டனை. 1919-இல் விடுதலையாகிச் சென்னை வந்த அவரைச் சேர்த்துக்கொள்வது ஆபத்தாகவே இருந்தது. பாரதியோ 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளிவந்தபோதே கடலூர் அருகே கைதாகி, சிலவாரச் சிறைக்குப் பின் விடப்பட்டவர்; புதிய தொந்தரவைத் தாங்கும் நிலையில் இல்லாதவர். ஆயினும் திருவல்லிக்கேணி வீட்டின் கதவு நீலகண்டருக்குத் திறந்தே இருந்தது. பல நாள் பட்டினியோடு அவர் வந்து நின்றதைக் கண்டு பாரதி கொதித்ததாக ஒரு செய்தி பலராலும் சொல்லப்படுகிறது.

1921 செப்டம்பர் 11 இரவு, பாரதியின் இறுதி இரவு. படுக்கையருகே கண்விழித்திருந்தவர்கள் பரலி சு. நெல்லையப்பர், லட்சுமண ஐயர், நீலகண்ட பிரம்மச்சாரி. மறுநாள் கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது நீலகண்டர் பெயர் அடிபட்டதாகவும், சடங்குகளில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் மறுத்ததாகவும் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. ஹரிஹர சர்மா வைத்தார். அடுத்த ஆண்டே நீலகண்டர் மீண்டும் கைதானார். 1930-இல்தான் வெளியே வந்தார். பின்னர் சாது ஓங்காராகி நந்தி மலைப் பக்கம் ஒதுங்கி, 1978-இல் மறைந்தார்.