வெல்லும் சொல்

ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்கள். சொல்லை விற்றுப் பிழைக்கும் எனக்கே அதில் முழு நம்பிக்கை வந்தது எய்ட்ஸின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான்.

1986-ஆம் வருஷம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி நிர்மலா. சென்னையில் விலைமாதர் சிலரிடமிருந்து நிர்மலா சேகரித்த ரத்தத்தை வேலூரில் சோதித்தார்கள். ஆறு பேருடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. நம் நாட்டுக்கு அந்த வியாதி வராது என்று இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று. சம்பந்தப்பட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஊரார் சொன்ன விதம் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில், நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, சுவர்களில் 'உயிர்க்கொல்லி நோய்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். நோய் வராதவனை எச்சரிக்க எழுதிய வார்த்தை. வந்துவிட்டவன் படித்தால் என்ன ஆவான் என்று யார் நினைத்தார்கள்? எங்கள் தெருவில் ஒருவருக்கு அந்த நோய் என்று பேச்சு எழுந்தது. டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். ஒரு நாள் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காது கேளாதவன் போல் நடந்துவிட்டேன்.

1993-இல் சுனிதி சாலமன் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். அங்கே சிகிச்சையோடு மனத்துக்கும் இடம் இருந்தது. சோதனைக்கு முன்னால் பேசுவது, முடிவைத் தனிமையில் சொல்வது, அழுதால் அழவிடுவது, தொட்டாலும் சேர்ந்து உண்டாலும் ஒட்டாது என்று விளக்குவது, வீட்டில் யாரிடம், எப்போது சொல்லலாம் என்று கூட இருந்து யோசிப்பது. நோயுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் வரன் பார்த்து மணமுடித்தும் வைத்தார் அந்த அம்மாள்!

கூட்டு மருந்துகளின் பலன் 1996-இல் உலகுக்குத் தெரிந்தது. நம் அரசாங்கம் அவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதோ 2004-இல். அதுவரை ஏழைக்குக் கிடைத்த மருந்தில் பெரும்பங்கு ஆறுதல் சொல்தான். மருந்து வந்த பின்பும் அதன் வேலை தீரவில்லை. ஆயுள் முழுவதும் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். மனம் உடைந்தவன் எத்தனை நாள் விழுங்குவான்? சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்று 2017-இல் சட்டமே வந்தது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அந்தச் சோதனை நடக்கும் இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். 'உயிர்க்கொல்லி'யிலிருந்து 'நம்பிக்கை'க்கு வந்து சேர்ந்திருக்கிறோம். சின்னப் பிரயாணமா அது?

அன்று அவர் எதற்காகக் கூப்பிட்டாரோ! "என்ன அண்ணே?" என்று கேட்பதற்கு எனக்கு வைத்தியப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.