ஒரு கொலை வழக்கு காட்டித்தந்த வீடு

ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில், முன்பு எஸ்குவேவா ஆறு ஓடிய இடத்தருகே, ஒரு பழைய வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 'டான் குவிக்ஸாட்' முதற்பாகம் வெளியான 1605இல் செர்வாண்டிஸ் குடியிருந்த வீடு அது. நாவலாசிரியரின் இல்லம் என்றே நாம் அதை அறிவோம். எனினும், அங்கு வாழ்ந்தவரை முதலில் ஒரு பழைய போர்வீரராகக் கண்டால்தான் அவ்வீட்டின் கதை விளங்கும்.

1571 அக்டோபர் 7 அன்று ஒட்டோமான் கடற்படைக்கு எதிராக லெபாந்தோவில் நடந்த போரில், காய்ச்சலோடு கப்பலின் மேல்தளத்தில் நின்று போரிட்டார் அவர். மார்பில் இரு குண்டுகள் பாய்ந்தன; மூன்றாவது குண்டு இடக்கையைச் செயலிழக்கச் செய்தது. 1575இல் தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜீயர்ஸில் ஐந்தாண்டுகள் அடிமையாக இருந்தார். நான்கு முறை தப்ப முயன்று தோற்றார். 1580இல் திரித்துவ சபைத் துறவிகள் பணம் கட்டி அவரை மீட்டனர்.

திரும்பி வந்த வீரருக்கு நாடு என்ன தந்தது? 1590இல் தம் போர்ச்சேவைகளை எடுத்துரைத்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு பதவி வேண்டி மனுச் செய்தார். இங்கேயே ஏதேனும் தேடிக்கொள்ளட்டும் என்பதே விடையாக வந்தது. கடற்படைக்குத் தானியமும் எண்ணெயும் திரட்டினார்; வரி வசூலித்தார்; கணக்குச் சிக்கலில் 1597இல் செவில் சிறைக்கும் போனார்.

பின்னர், அரசவை அப்போது வல்லடோலிட்டில் இருந்ததால், அவரும் அங்கு குடியேறினார். கீழே மதுக்கடை, மேலே நெருக்கமான குடித்தனங்கள். மனைவி, சகோதரிகள், சகோதரியின் மகள், தம் மகள் ஆகியோருடன் அவர் வாழ்ந்தார். இவ்வளவு துல்லியமாக இது நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு கொலை. 1605 ஜூன் 27 இரவு, காஸ்பர் தெ எஸ்பெலெட்டா என்ற பிரபு அவ்வீட்டருகே வாள்வெட்டுப்பட்டு விழுந்தார். அலறல் கேட்டு ஓடிவந்தோரில் செர்வாண்டிஸும் ஒருவர். காயம்பட்டவரை வீட்டுக்குள் கொண்டுவந்தனர். இரு நாட்களில் அவர் இறந்தார். விசாரணை, கொன்றவனைத் தேடுவதைவிட அவ்வீட்டுப் பெண்களின் ஒழுக்கத்தைத் துருவுவதில் முனைந்தது. யார் எந்தத் தளத்தில் வசிக்கிறார், யார் வந்துபோகிறார் என்றெல்லாம் அண்டை வீட்டார் சாட்சி சொன்னார்கள். செர்வாண்டிஸும் குடும்பத்தாரும் சிறையிலடைக்கப்பட்டுச் சில நாட்களில் விடுதலையாயினர்.

நாவலின் புகழ் பரவத் தொடங்கிய அதே கோடையில்தான் இது நிகழ்ந்தது. 1606இல் அரசவை மாட்ரிட்டுக்குத் திரும்பியது, அவரும் ஊரைவிட்டகன்றார்.

அந்த வழக்குக் கட்டின் துணைகொண்டே பிற்காலத்தார் வீட்டை அடையாளம் கண்டனர். 1912இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவும் அமெரிக்கரான ஆர்ச்சர் ஹன்டிங்டனும் அதையும் அடுத்தடுத்த வீடுகளையும் வாங்கிப் பாதுகாக்க முன்வந்தனர்.

அவருடைய மனுவும் வழக்குக் கட்டும் இன்றுவரை எஞ்சியுள்ளன. தம் வீரத்தை அவரே எழுதிய தாள் ஒரு வேலையைக்கூடப் பெற்றுத்தரவில்லை. அவரைச் சந்தேகித்து அரசு எழுதிய தாள்களே அவர் வீட்டைக் காப்பாற்றித் தந்தன. படைவீரர் என்ற மதிப்பை அவருக்கு அளித்தது அவருடைய நாவல்தான். அதில் வரும் கைதியின் கதையில், அல்ஜீயர்ஸில் அஞ்சாது நின்ற சாவெத்ரா என்ற ஸ்பானிய வீரன் சில வரிகளில் தோன்றி மறைகிறான். சாவெத்ரா என்பது செர்வாண்டிஸ் தம் பெயருடன் சேர்த்துக்கொண்ட குடும்பப்பெயர்.